உட்கார்ந்த வண்டியை எழுப்புதல்

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. மண் தமிழ்நாட்டுடையது, வண்டியில் போக வேண்டுமென்றால் மட்டும் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகச் சுற்றித்தான் ஏற வேண்டும். மேலே போகப் போகத் தார் இல்லை. பாறையும் பெயர்ந்த கல்லும் மழை அரித்த பள்ளமும்தான் பாதை. சூரிய உதயம் பார்க்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பும் வண்டிகளில் பழைய மகிந்திரா ஜீப்புகள் நிறைய. போடி, கம்பம் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஆள் ஏற்றிச் செல்பவையும் இதே குடும்பத்து வண்டிகள்தான்.

இந்த வண்டிகளில் எஞ்சினுக்கு முன்பே களைத்துப்போவது சஸ்பென்ஷன். ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். திருப்பத்தில் சாய்வு கூடும். சின்னக் குழியில் இறங்கினாலும் அடியிலிருந்து இரும்பு மோதும் சத்தம் வரும். ஸ்டியரிங் நேராகப் பிடித்தாலும் வண்டி அங்குமிங்கும் அலையும். பட்டறைக்குக் கொண்டுபோனால் “நாலு ஸ்பிரிங் கட்டையும் ஷாக்கையும் மொத்தமா மாத்திடலாம்” என்ற யோசனை எளிதாக வந்துவிடும். மாற்றினால் குறை தீரும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு அவ்வளவும் தேவைப்படுவதில்லை. எந்தப் பாகம் எதை இழந்திருக்கிறது என்று தெரிந்தால், செலவு பல மடங்கு குறையும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு அளவு நாடாவும் கொஞ்சம் இயற்பியலும் போதும்.

இரண்டு வேலை, ஒரே பட்டை

1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக உற்பத்திக்கு வந்த வில்லிஸ் ஜீப்பில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில்; அதைத் தாங்க நான்கு லீஃப் ஸ்பிரிங் கட்டுகள். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் அந்த ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. பின்னர் வந்த எம்எம் 540, கமாண்டர், மேஜர் எல்லாம் அதே அமைப்பைத்தான் தொடர்ந்தன. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் நான்கு சக்கரத்திலும் லீஃப் ஸ்பிரிங் கொண்டதே. 2010இல் வந்த மகிந்திராவின் முதல் தார் வண்டியில் முன்பக்கம் டார்ஷன் பார் என்ற முறுகு கம்பிக்கு மாறியது. பின்பக்கம் அப்போதும் லீஃப் ஸ்பிரிங்தான். 2020இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில்தான் பின்பக்கமும் சுருள் ஸ்பிரிங்கானது.

லீஃப் ஸ்பிரிங் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அதன் சிக்கனம். சுருள் ஸ்பிரிங் எடையை மட்டுமே தாங்கும். ஆக்ஸில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிக்கத் தனியாகக் கைகளும் கம்பிகளும் வேண்டும். லீஃப் ஸ்பிரிங் இரண்டு வேலையையும் தானே செய்கிறது. எடையைத் தாங்குவதோடு, ஆக்ஸிலை அதன் இடத்திலும் நிறுத்துகிறது. பட்டறையில் இதை வெறுமனே பிளேட் என்பார்கள். நீளமான மெயின் பிளேட்டின் இரு நுனியும் கண்ணாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு கண் சேஸிஸில் நேரடியாகப் பூட்டப்படும். மற்றது ஷேக்கிள் என்ற ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பிளேட் நிமிரும்போது நீளம் கூடுவதற்கு அது இடம் கொடுக்கிறது. நடுவில் சென்டர் போல்ட் பிளேட்டுகளைக் கோக்க, யூ-போல்ட்டுகள் கட்டையும் ஆக்ஸிலையும் இறுக்கிப் பிடிக்கின்றன.

தேய்மானம் வரக்கூடிய இடங்கள் இவ்வளவுதான்: கண்ணில் உள்ள புஷ், ஷேக்கிள், சென்டர் போல்ட், யூ-போல்ட், ஷாக் அப்சார்பர், பிளேட்டுகள். விலையும் ஏறக்குறைய இதே வரிசையில் ஏறுகிறது. சோதனையையும் இந்த வரிசையிலேயே தொடங்குவது புத்திசாலித்தனம்.

எஃகு எதை இழக்கிறது?

பழைய பிளேட் “தளர்ந்துவிட்டது” என்று சொல்வது வழக்கம். அறிவியல் பார்வையில் இது சரியல்ல.

ஒரு ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ற அளவில் அது அமுங்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கமாக வெளியிட்டார். கட்டில் உள்ள ஒவ்வொரு பிளேட்டின் விறைப்பையும் தீர்மானிப்பவை நான்கு: அகலம், தடிமன், நீளம், எஃகின் மீட்சி எண். இந்த மீட்சி எண் எல்லா எஃகுக்கும் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமானக் கம்பிக்கும் சிலிக்கான் மாங்கனீஸ் கலந்த ஸ்பிரிங் எஃகுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. சூடாக்கிக் கடினப்படுத்தினாலும் இது மாறாது, வயதானாலும் மாறாது. கடினப்படுத்துவதால் கூடுவது வேறொன்று: எவ்வளவு வரை வளைத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் என்ற எல்லை.

ஆக, இருபது ஆண்டு ஓடிய பிளேட், துருப்பிடிக்காமல் இருந்தால், புதிதாக இருந்தபோது இருந்த அதே விறைப்போடுதான் இருக்கிறது. அது இழந்தது வளைவை. வண்டியின் எடை பிளேட்டை நிமிர்த்தும்போது அதன் மேற்பரப்பு இழுபடுகிறது. அளவுக்கு மீறிய பாரத்தோடு ஒரு பெரிய குழியில் இறங்கினால், அந்த இழுவிசை மேற்பரப்பில் எஃகின் எல்லையைத் தொட்டுவிடும். அப்போது படிகங்களுக்குள் நிரந்தரமான சிறு நகர்வு ஏற்படும். ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆண்டுக்கணக்கில் சேரும்போது வளைவு சென்டிமீட்டர் கணக்கில் குறைகிறது.

புதிதில் வண்டியின் எடைக்கு 9 சென்டிமீட்டர் அமுங்கிய கட்டு, இன்றும் 9 சென்டிமீட்டரே அமுங்கும். ஆனால் அது அமுங்கத் தொடங்கும் உயரமே குறைந்துவிட்டது. எனவே ஆக்ஸிலுக்கும் சேஸிஸின் ரப்பர் தடுப்புக்கும் இடையிலான இடைவெளி சுருங்குகிறது. குழியில் இறங்கும்போது கேட்கும் “டங்” என்ற சத்தம், அந்த இடைவெளி தீர்ந்துபோனதன் சத்தம்.

துருவின் கதை வேறு. விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் பிளேட் துருவில் கரைந்து 5.4 மில்லிமீட்டர் ஆனால், தடிமனில் போனது பத்தில் ஒரு பங்கு. ஆனால் விறைப்பில் போவது 27 சதவீதம். அதே எடைக்கு மேற்பரப்பில் ஏறும் இழுவிசையும் சுமார் 23 சதவீதம் கூடிவிடும். துருக் குழிகளிலிருந்துதான் விரிசல் தொடங்குகிறது. வளைவு மட்டும் போன பிளேட்டைக் காப்பாற்றலாம். தடிமன் போன பிளேட்டைக் காப்பாற்ற முடியாது. செலவுக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

முதலில் அளவு, பிறகு பணம்

சமதளத்தில், டயர்களில் சரியான காற்றோடு, பாரம் இல்லாமல் வண்டியை நிறுத்த வேண்டும். நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுத வேண்டும். முன் இரண்டும் ஒன்றுபோல, பின் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா? ஆக்ஸிலுக்கும் ரப்பர் தடுப்புக்கும் இடையே இருபுறமும் எவ்வளவு இடைவெளி? இரு பக்கமும் சமமாக இருந்து இடைவெளியும் போதிய அளவு இருந்தால், பிளேட்டில் குறை இல்லை. சத்தமும் அலைச்சலும் வேறெங்கிருந்தோ வருகின்றன.

அந்த வேறிடம் பெரும்பாலும் புஷ்தான். கண்ணுக்கும் போல்ட்டுக்கும் இடையில் இருக்கும் அந்த ரப்பர் உருளை, தேய்ந்து உராய்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. போல்ட் அதன் உள்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், கண் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் ரப்பர் முறுகிக் கொடுக்கும். ரப்பர் கிழிந்தாலோ இறுகி வெடித்தாலோ இரும்பு இரும்பில் ஆடத் தொடங்கும். கண்ணுக்கும் ஷேக்கிளுக்கும் இடையே ஒரு கடப்பாரையை விட்டு நெம்பினால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். ஒரு புஷ்ஷில் சில மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் போதும். ஆக்ஸில் சாய்ந்து நின்று வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். புஷ் செட்டின் விலை புதிய கட்டின் விலையில் சிறு துண்டுதான். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ரப்பருக்குப் பதில் மரையிட்ட ஷேக்கிளும் மரையிட்ட புஷ்ஷும் இருக்கும். அவற்றுக்கு அடிக்கடி கிரீஸ் வேண்டும். அவற்றில் சில இடது மரை என்பதால், கழற்றும்போது வழக்கமான திசையில் முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடைந்துவிடும்.

பாலியூரிதேன் புஷ் ரப்பரைவிட நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரப்பர் அளவுக்குக் கொடுக்காது. கல் பாதையில் நாள் முழுக்க ஆள் ஏற்றும் வண்டிக்கு ரப்பரே மெத்தென்று இருக்கும்.

அடுத்தது சென்டர் போல்ட். அதன் தலை ஆக்ஸில் மேடையின் துளையில் உட்கார்ந்திருக்கும். அது ஒடிந்தால் அந்தப் பக்கம் ஆக்ஸில் முன்னோ பின்னோ நகர்ந்து, வண்டி நேராகப் போகும்போதே உடல் கோணலாக ஓடும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இருபுறமும் அளந்து பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

பிளேட்டுகளுக்கு இடையே ஏறிய துருவும் மண்ணும்கூட வண்டியை முரடாக்கும். பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டியவை. வழுக்க முடியாமல் இறுகிவிட்டால் சின்னக் கல்லுக்குக் கட்டு அசையவே அசையாது. டயர் மட்டுமே ஸ்பிரிங்காக வேலை செய்யும். அப்போது வரும் வேகமான அதிர்வு, மனித உடல் அதிகம் உணரும் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான வீச்சை நெருங்குகிறது. கட்டைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கோத்தாலே பயணம் மாறிவிடும். இதில் பெரும்பகுதி கூலிதான்.

ஷாக் அப்சார்பர் தாங்குவது எடையையல்ல

வண்டி தாழ்ந்திருக்கிறது என்று ஷாக்கை மாற்றுபவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். வழக்கமான எண்ணெய் ஷாக் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. ஒரு முறை தள்ளிவிட்ட ஊஞ்சல் நெடுநேரம் ஆடுவதுபோல ஸ்பிரிங்கும் குழியைத் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கி வெப்பமாக மாற்றுவதே ஷாக்கின் வேலை. கல் பாதையில் இறங்கி வந்த ஜீப்பின் ஷாக் சூடாக இருந்தால் அது உழைத்திருக்கிறது என்று பொருள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

வண்டியின் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனை லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஏமாற்றும். பிளேட்டுகளின் உராய்வே ஆட்டத்தை அடக்கிவிடும். ஷாக்கைக் கழற்றிக் கையால் இழுத்து அமுக்கிப் பார்ப்பதே நம்பகமானது. இரு திசையிலும் தடை இடையறாமல் சீராக இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக ஓடினாலோ, தண்டில் எண்ணெய் வழிந்திருந்தாலோ அதை மாற்ற வேண்டியதுதான்.

அந்தப் பழைய மாடலுக்கென்றே செய்த ஷாக் கிடைக்காவிட்டால் வேறு வண்டியுடையதைப் பொருத்தலாம். மூன்று அளவு ஒத்துப்போக வேண்டும்: முழுக்க நீட்டிய நீளம், முழுக்க அமுக்கிய நீளம், இரு நுனியின் பூட்டு வகை. நீளம் அதிகமான ஷாக் அடிபட்டுத் தன் பிடிமானத்தையே பிய்த்துவிடும். நீளம் குறைந்தது, பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடுவதைத் தடுக்கும். பாறைப் பாதையில் அது பிடிப்பை இழப்பதற்குச் சமம்.

வளைவை மீட்பது எப்படி?

அளவெடுத்ததில் பிளேட்தான் உட்கார்ந்திருக்கிறது என்று உறுதியானால், மூன்று வழிகள் உண்டு: பழையதற்கு வளைவு ஏற்றுவது, கூடுதல் பிளேட் சேர்ப்பது, புதிய கட்டு வாங்குவது.

முதல் வழியில் இரண்டு வகை. ஸ்பிரிங் பட்டறைகளில் பிளேட்டைச் சூடேற்றாமலே தட்டியோ அழுத்தியோ வளைப்பது மலிவானது. ஆனால் அந்த வளைவு நிற்காது. உலோகத்தை ஒரு திசையில் நிரந்தரமாக வளைத்தால், எதிர்த் திசையில் அது முன்பைவிட எளிதாக வளைந்துகொடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் மியூனிக்கில் பணியாற்றிய யோஹான் பௌஷிங்கர் கண்டறிந்த விளைவு இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தட்டி ஏற்றிய வளைவின் எதிர்த் திசையில்தான் வண்டியின் எடை பிளேட்டை நாள்தோறும் அழுத்துகிறது. சாலையில் இழுபடப்போகும் அதே மேற்பரப்பில், தட்டும் வேலை கூடுதலாக ஒரு இழுவிசையைத் தங்கவும் விட்டுவிடுகிறது. தொழிற்சாலையில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். புதிய பிளேட்டை ஒரு முறை அளவுக்கு மேல் அழுத்தி நிமிர்த்தி, சிறு எஃகுக் குண்டுகளை மேற்பரப்பில் வீசி அடித்து, அங்கே அமுக்கவிசையைத் தேக்கிவைக்கிறார்கள். விரிசல் தொடங்குவதை அது தள்ளிப்போடுகிறது.

சரியான முறை, பிளேட்டை உலையில் ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வளைவைக் கொடுத்து, எண்ணெயில் மூழ்க வைத்துக் கடினப்படுத்தி, பிறகு மீண்டும் 400 முதல் 500 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்துவது. இரண்டாவது சூடேற்றம் இல்லாவிட்டால் பிளேட் கண்ணாடிபோல் உடையும். பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உலையில் வைத்து, எண்ணெயில் போட்டு, பதப்படுத்தித் தருவீர்களா? ஆம் என்றால், தடிமன் குறையாத பிளேட்டுக்கு இது நல்ல முதலீடு. கேஸ் டார்ச்சால் ஓரிடத்தில் மட்டும் சூடாக்கி வளைப்பவரிடம் கட்டைக் கொடுக்கவே கூடாது. சூடுபட்ட இடத்தில் பழைய பதம் போய்விடும். ஒடிந்தால் அந்த இடத்தில்தான் ஒடியும். விரிசல் விட்ட பிளேட்டை வெல்டு வைப்பதும் இதே ஆபத்துதான்.

இரண்டாவது வழி, கூடுதல் பிளேட். ஏழு பிளேட் கட்டில் இரண்டு சேர்த்தால் விறைப்பு தோராயமாக ஏழுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் ஏறும். முன்பு 9 சென்டிமீட்டர் அமுங்கியது இனி 7 சென்டிமீட்டரே அமுங்கும். வண்டி உயர்ந்து நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வண்டி இயல்பாக ஆடும் வேகமும் ஏறுகிறது. அதைக் கணக்கிட எளிய வழி உண்டு: கட்டு அமுங்கும் சென்டிமீட்டரின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று கிடைக்கும். 9 சென்டிமீட்டருக்கு 1.7, 7 சென்டிமீட்டருக்கு 1.9. சொகுசுக் கார்கள் ஒன்றை ஒட்டி நிற்பவை. விறைப்பு கூடக் கூட முதுகுக்கு அடி கூடும். பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது எதிர்ச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். தினமும் மூட்டை ஏற்றும் வண்டிக்குக் கூடுதல் பிளேட் நியாயம். காலி வண்டியாக மலையேறுபவருக்கு அது வேண்டாம்.

துரு தின்ற கட்டுக்கு மூன்றாவது வழிதான். பழைய ஜீப்புகளின் பிளேட் அளவு பல மாடல்களில் நெருங்கி வருவதால் புதிய கட்டு கிடைப்பது கடினமல்ல. உடைத்த வண்டிகளிலிருந்து வாங்குவதானால் அகலம், தடிமன், சென்டர் போல்ட்டிலிருந்து இரு கண்ணுக்கும் உள்ள நீளம் ஆகியவற்றை அளந்தே வாங்க வேண்டும். நீளம் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். எதை மாற்றினாலும் ஒரே ஆக்ஸிலின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பூட்டும்போது தவறவிடக் கூடாதவை

வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கக் கூடாது. சேஸிஸுக்கு உறுதியான ஸ்டாண்டும் ஆக்ஸிலுக்குத் தனி ஜாக்கியும் வேண்டும். ஆக்ஸிலின் எடை பிரேக் ஹோஸில் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் என்று செய்தால் ஆக்ஸில் இடம் மாறாது.

யூ-போல்ட் இறுக்கும்போது நீண்டு, அந்த நீட்சியின் விசையால்தான் கட்டைப் பிடித்திருக்கிறது. ஏற்கெனவே நீண்டு மரை நசுங்கிய பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் போடுவது, மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் மிச்சம் பிடிப்பது. புதியதை மாற்றி மாற்றிக் குறுக்காக இறுக்கி, முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் முழுக்க இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, கட்டு தன் எடையில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு. முன்பே இறுக்கினால் வண்டி இறங்கும்போது ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ நேரும். புதிய புஷ் சீக்கிரமே கிழியும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்வதற்குக் காசு எதுவும் ஆகாது.

உயரத்துக்கு ஆசைப்பட்டு நீளமான ஷேக்கிள் போடுவோரும் உண்டு. முன்பக்கம் அதைச் செய்தால் ஆக்ஸில் சுழன்று, சக்கரத்தை நேராக வைத்திருக்கும் காஸ்டர் கோணம் குறையும். ஸ்டியரிங் அலையும், சில வேகத்தில் நடுங்கும். பின்பக்கம் செய்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் கெட்டு அதிர்வு வரும். சட்டமும் இதை ஏற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை பட்டறைக்குப் போவதற்கு முன் நான்கு மூலை உயரத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். புஷ், ஷேக்கிள், போல்ட் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஷாக்கைக் கழற்றிச் சோதியுங்கள். பிளேட்டின் தடிமனை அளந்த பிறகே அதைப் பதப்படுத்துவதா, மாற்றுவதா என்று முடிவு செய்யுங்கள். தடிமன் குறையாத எஃகைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.